72 மணி நேரம் ஆனதும் வென்ஃப்ளானை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில், ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் புதுச்சேரியில் நர்ஸ்களுக்கான தொடர் கல்வி (சி.என்.இ.) வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். நரம்பு வழியாக மருந்து ஏற்றக் கையில் போடும் சின்னக் குழாயான வென்ஃப்ளானை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டியதில்லை, பிரச்சினை வந்தால் மாற்றினால் போதும் என்று ஆய்வுகள் சொல்வதாக அங்கே சொன்னார்கள். வார்டுக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னேன். இன்சார்ஜ் சிஸ்டர், "மூணு நாள் ஆனா மாத்தணும், அதுதான் இங்க வழக்கம். ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். டாக்டரைக் கேட்டால், "அது உங்க நர்சிங் சைடு விஷயம்" என்கிறார். நரம்பே கிடைக்காத வயசானவர்களை மூன்று நாளுக்கு ஒருமுறை குத்தும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளை எடுத்தால் பாதிக்கு மேல் புரிவதில்லை. இதெல்லாம் எம்.எஸ்சி. நர்சிங் படித்தவர்களுக்கு மட்டும்தானா? வார்டில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள் ஆய்வில் வந்ததை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வயசானவரின் கையில் நரம்பு தேடிக் குத்தும்போது மனசு கஷ்டப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் செய்கிற ஒரு வேலை நோயாளிக்கு உண்மையிலேயே நல்லதுதானா என்று கேட்கத் தோன்றியதே, அதைவிடச் சரியான தொடக்கம் கிடையாது. அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

முதலில் உங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டதற்கு வருகிறேன். "ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்பது நியாயமான கேள்வி. ஒரு வார்டின் பொறுப்பைச் சுமப்பவர் அதைக் கேட்கத்தான் வேண்டும். வகுப்பில் கேட்டதை நீங்கள் வந்து சொன்னபோது உங்களிடம் அதற்குப் பதில் இருந்திருக்காது. அந்தப் பதிலைத் தயார் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று ஒருமுறை சரியாகப் பார்த்துவிடுவோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மூன்று மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதை நடத்திய குழுவுக்குத் தலைமை தாங்கிய கிளேர் ரிக்கார்ட் ஒரு நர்ஸ் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாள் ஆனதும் குழாயை மாற்றினார்கள். இன்னொரு பிரிவினருக்கு வலி, சிவப்பு, வீக்கம், அடைப்பு என்று ஏதாவது வந்தால்தான் மாற்றினார்கள். இரண்டு பக்கமும் ஃப்ளெபைட்டிஸ், அதாவது குழாய் போட்ட நரம்பில் அழற்சி, வந்தது 7 சதவீதம் பேருக்கு. அப்புறம் இதே கேள்வியை வைத்து நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் தொகுப்பாய்வு 2019-இல் புதுப்பிக்கப்பட்டது. 9 ஆய்வுகள், 7,412 நோயாளிகள். ஃப்ளெபைட்டிஸிலோ ரத்தத் தொற்றிலோ தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. தேவைப்படும்போது மட்டும் மாற்றியதில் செலவு குறைந்தது. ஆனால் மருந்து நரம்புக்கு வெளியே கசிவதும் குழாய் அடைத்துக்கொள்வதும் அந்தப் பிரிவில் கொஞ்சம் அதிகம். வகுப்புகளில் இந்தக் கடைசி வரியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு முன்னால் வழக்கமாக மாற்றத் தேவையில்லை என்றும், குழந்தைகளுக்கு மருத்துவத் தேவை வந்தால் மட்டும் மாற்றலாம் என்றும் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் போய்க் கேட்டுப் பாருங்கள். அங்கே நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் லைனை (வென்ஃப்ளானைத்தான் வார்டில் அப்படிச் சொல்கிறோம்) மூன்றாம் நாள் ஆகிவிட்டது என்பதற்காக யாரும் பிடுங்கமாட்டார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு வழக்கம் ஏற்கெனவே இருந்தால், உங்கள் இன்சார்ஜிடம் பேச அது நல்ல ஆரம்பம்.

இவ்வளவும் உங்கள் பக்கம். இனிச் சொல்லப்போவது இன்சார்ஜ் சிஸ்டரின் பக்கம். இதைப் படிக்காமல் அவரிடம் போகவே போகாதீர்கள்.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இதே மாற்றத்தைச் செய்தார்கள். 96 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் வழக்கத்தை 2018-இல் நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மாற்றுவது என்று போனார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்களின் பதிவேட்டை வைத்துப் பார்த்தபோது ரத்தத் தொற்று கூடியிருந்தது தெரிந்தது. பழைய வழக்கத்துக்கே திரும்பினார்கள், தொற்று குறைந்தது. இது 2021-இல் வெளிவந்தது. குயின்ஸ்லாந்து ஆய்வு மாதிரி நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்ததில்லை என்பதால், மாற்றியதால் மட்டுமே கூடியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். குயின்ஸ்லாந்தில் ஆய்வில் இருந்த ஒவ்வொரு கையையும் தினமும் ஒரு ஆய்வு நர்ஸ் வந்து பார்த்தார். நாள் கணக்கு பார்ப்பதை விட்டதற்கு ஈடாக, கண்ணால் பார்ப்பது அங்கே இருந்தது. "72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றாதே" என்று மட்டும் ஆய்வு சொல்லவில்லை. "தினமும் பார், பிரச்சினை இருந்தால் உடனே எடு, தேவை முடிந்தால் அன்றைக்கே எடு, இவ்வளவும் நடந்தால் 72 மணி நேரக் கணக்கு வேண்டாம்" என்பதுதான் முழு வாக்கியம். அந்தப் பார்க்கிற வேலையை உங்கள் வார்டில் யார் செய்வது, எந்த ஷிப்டில், எங்கே எழுதுவது? நைட் டியூட்டியில் ஒரே நர்ஸ் வார்டு முழுவதையும் பார்த்துக்கொண்டு, நடுவில் புது அட்மிஷனும் எடுக்கிற இடத்தில், யாரும் பார்க்காமல் ஆறாம் நாள் வரை ஒரு வென்ஃப்ளான் கையில் இருந்துவிடலாம். அங்கே 72 மணி நேர விதிதான் நோயாளிக்குக் கடைசிப் பாதுகாப்பு. அதை எடுப்பதற்கு முன்னால் வேறொன்றை வைத்தாக வேண்டும்.

அதனால் 72 மணி நேர விதியை இப்போதைக்குத் தொடாதீர்கள். தேவையில்லாத வென்ஃப்ளானை எடுப்பதில் இருந்து தொடங்குங்கள்.

நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் உங்கள் வார்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். டிரிப்ஸ் முடிந்து, ஊசி மருந்தெல்லாம் மாத்திரையாக மாறி, "எதுக்கும் இருக்கட்டும்" என்று கையிலேயே விட்ட லைன் எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்தக் குழாய்களால் நோயாளிக்கு ஒரு நன்மையும் இல்லை, தொற்றுக்கான வாசல் மட்டும் திறந்திருக்கிறது. இதை எடுப்பதை எந்த இன்சார்ஜும் எந்த டாக்டரும் எதிர்க்கமாட்டார்கள். ரவுண்ட்ஸில் "சார், இவருக்கு நேத்து காலையிலிருந்து ஐ.வி. எதுவும் இல்லை, லைனை எடுத்துரட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இதற்காக உங்களுக்கே தினமும் எல்லாக் கைகளையும் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். பிற்பாடு 72 மணி நேர விஷயத்தைப் பேசுவதற்கு நீங்கள் காட்ட வேண்டிய ஆதாரமும் அந்தப் பழக்கம்தான்.

பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டும். ஃப்ளெபைட்டிஸ் எந்த அளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் போடும் விப் ஸ்கோர் என்று ஒன்று இருக்கிறது, 0 முதல் 5 வரை. குழாய் போட்ட இடம் நன்றாக இருந்தால் 0. லேசான வலியோ லேசான சிவப்போ இருந்தால் 1, கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு இருந்தால் 2. அப்போதே எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். அதற்கு மேல் போகவிடக் கூடாது. கேஸ் ஷீட்டில் டெம்பரேச்சர், பி.பி. எழுதுகிற பக்கத்தில் ஓர் ஓரமாக இந்த எண்ணையும் ஷிப்டுக்கு ஒருமுறை எழுதினால் போதும். தனி ரிஜிஸ்டர் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே ரிஜிஸ்டர்களை நிரப்பியே நம் நர்ஸ்களின் கை ஓய்ந்துபோகிறது, இன்னொன்று வந்தால் அதற்காகவே இந்த முயற்சியை வெறுத்துவிடுவார்கள்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் போட்டிருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். நம் வார்டுகள் பலவற்றில் பிளாஸ்டரைக் கையைச் சுற்றிச் சுற்றி ஒட்டிவிடுகிறோம். கடலோர ஊர், சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் வியர்த்துப் பிளாஸ்டர் உரிந்துவிடும் என்ற பயத்தில் இன்னும் இரண்டு சுற்று போடுகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சி.டி.சி. வழிகாட்டியில் இதற்கும் வழி இருக்கிறது: மூடிய டிரெஸ்ஸிங் என்றால் மேலிருந்தே விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள், வலிக்கிறது என்றாலோ காய்ச்சல் மாதிரி வேறு அறிகுறி இருந்தாலோ பிரித்துப் பாருங்கள். நினைவில்லாமல் கிடப்பவர், பேச முடியாத பக்கவாத நோயாளி, இவர்கள் வலிக்கிறது என்று சொல்லமாட்டார்கள். வார்டுக்கு வருகிற டிரான்ஸ்பேரன்ட் டிரெஸ்ஸிங் குறைவாக இருந்தால் முதலில் இவர்களுக்கு வையுங்கள். ஸ்டோரில் பொருள் கேட்டு இன்டென்ட் போடும்போது உங்கள் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டினால் கூடுதலாகக் கேட்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களை மறக்காதீர்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த மீனவரோ, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் வேலை செய்கிறவரோ, "நர்ஸம்மாவைத் தொந்தரவு பண்ண வேணாம்" என்று வலியைப் பொறுத்துக்கொண்டே படுத்திருப்பார். "கை வலிச்சாலோ, சிவந்தாலோ, ஈரமா இருந்தாலோ உடனே கூப்பிடுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்" என்று லைன் போடும்போதே அவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லிவிடுங்கள். சொல்ல அரை நிமிஷம் ஆகும். அதற்குப் பிறகு நீங்கள் அடுத்த கட்டிலில் இருக்கும்போதும் இந்தக் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

108 ஆம்புலன்ஸிலோ கேஷுவாலிட்டியிலோ அவசரத்தில் போட்ட லைன் வேறு கணக்கு. சுத்தமான முறையில் போட்டார்களா என்று உறுதியாகத் தெரியாத குழாயைக் கூடிய சீக்கிரம், 48 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். நீங்கள் எந்த விதியைக் கொண்டுவந்தாலும் இதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

சரி, இன்சார்ஜ் சிஸ்டரிடம் எப்படிப் போவது? "புதுச்சேரியில் இப்படிச் சொன்னார்கள்" என்று மறுபடியும் ஆரம்பிக்க வேண்டாம். இரண்டு வாரம் எண்ணுங்கள். தினமும் ஒரே நேரத்தில், சாயங்காலம் அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவருக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வார்டில் எத்தனை லைன், அதில் தேதி எழுதியது எத்தனை, சும்மா இருப்பது எத்தனை, ஸ்கோர் 2 அல்லது அதற்கு மேல் எத்தனை. நான்கே எண்கள். யார் போட்ட லைன் என்று எழுதவே கூடாது. பெயர் வந்தால் அது குற்றப் பட்டியலாகிவிடும், வார்டே உங்களுக்கு எதிராகத் திரும்பும். எண்ணி முடித்ததும், "மேடம், நம்ம வார்டுல இப்படி இருக்கு, நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவர் முன்னால் வையுங்கள். யோசனை அவர் வாயிலிருந்து வரட்டும். அவருடைய அனுபவத்தில் அதற்கு நீங்கள் நினைக்காத ஒரு வழியும் இருக்கலாம்.

இப்படி எண்ணிக் காட்டுவதற்கே பலன் உண்டு என்பதும் ஆய்வில் வந்ததுதான். ஊழியர்களுக்கு அவர்கள் வேலையின் நிலவரத்தை எண்ணிச் சொல்வதைப் பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு 2012-இல் 140 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சரியாகச் செய்கிறவர்களின் விகிதம் 4.3 சதவீதப் புள்ளி கூடியது, எல்லா முடிவுகளையும் வரிசையாக வைத்தால் நடுவில் வரும் அளவு அது. சின்ன முன்னேற்றம்தான். ஆனால் ஆரம்ப நிலை மோசமாக இருந்த இடங்களிலும், மேலதிகாரியோ கூட வேலை செய்பவரோ சொன்னபோதும், ஒருமுறைக்கு மேல் சொன்னபோதும், வாயாலும் எழுத்தாலும் சொன்னபோதும், இலக்கு ஒன்றை வைத்துச் சொன்னபோதும் பலன் கூடுதலாக இருந்தது. உங்கள் வார்டுக்கு இதைப் பொருத்தினால், நர்சிங் ஸ்டேஷன் சுவரில் ஒரு தாள், மாதம் ஒருமுறை புதிய எண்கள், அதை இன்சார்ஜ் சிஸ்டரே ஹேண்டோவரில் சொல்வது. அவ்வளவுதான்.

சில மாதம் இது நடந்து, ஷிப்டுக்கு ஒருமுறை பார்ப்பது பழகிப்போன பிறகு, 72 மணி நேர விஷயத்தை எடுங்கள். அதை நீங்களும் இன்சார்ஜும் மட்டும் முடிவு செய்ய முடியாது. மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மூலமாக வைக்க வேண்டும். சுத்தத்துக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கும் மத்திய அரசு நடத்தும் காயகல்ப் மதிப்பீட்டுக்குத் தயாராகும் மருத்துவமனைகளில் இந்தக் குழு கூடியாக வேண்டும், குறிப்பும் எழுதியாக வேண்டும். அங்கே ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: ஆய்வு என்ன சொல்கிறது, ஜெனீவாவில் என்ன ஆனது, நம் வார்டின் எண்கள் என்ன, யாருக்கு இந்த விதி பொருந்தாது, தொற்று கூடினால் எப்போது நிறுத்துவோம். குழு கையெழுத்துப் போட்டால் "யார் பதில் சொல்றது" என்பதற்கு எழுத்தில் பதில் கிடைத்துவிடும். போடவில்லை என்றாலும் நஷ்டம் இல்லை. தேவையில்லாத குழாய்கள் வெளியே வந்திருக்கும், வீங்கிய கைகள் சீக்கிரம் கண்ணில் படும். அது உங்கள் நோயாளிகளுக்குக் கிடைத்த லாபம்.

ஐப்பசி கார்த்திகையில் மட்டும் தொடங்க வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சல் நோயாளிகள் வந்து நிரம்பும்போது எந்தப் புதுப் பழக்கமும் நிற்காது. தை பிறந்த பிறகு வார்டு கொஞ்சம் மூச்சு விடும், அப்போது ஆரம்பியுங்கள்.

இந்த விஷயம் இழுத்துக்கொண்டே போனால் மனம் தளர வேண்டாம். யார் அனுமதியும் தேவைப்படாமல் நர்ஸின் கையிலேயே இருக்கிற மாற்றங்களும் உண்டு. படுக்கையிலேயே இருக்கும் நோயாளியின் முதுகைச் சிவந்த இடத்தில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு அழுத்தித் தேய்ப்பது நம்மில் பலர் படித்துப் பழகியது. படுக்கைப்புண் தடுப்புக்கான சர்வதேச வழிகாட்டிகள், இப்படிப்பட்ட தோலை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்கின்றன. அழுத்தத்தால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட ரத்தக் குழாய்கள் தேய்ப்பதில் இன்னும் கெடும். தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் ஆளைத் திருப்பிப் படுக்க வையுங்கள். இதற்குக் குழுவும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

ஆங்கிலக் கட்டுரை புரியவில்லை என்றீர்கள். முழுக் கட்டுரையையும் முதல் வரியிலிருந்து படிக்கப் போனால் எனக்கும்தான் தலை சுற்றும். முதலில் சுருக்கத்தை மட்டும் எடுத்து நான்கு விஷயம் தேடுங்கள்: நோயாளிகள் யார், என்ன செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை எண்ணினார்கள். உங்கள் கேள்வியையும் அதே நான்கு துண்டாக எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த நோயாளிகள் என் வார்டு ஆட்கள் மாதிரியா, அங்கே இருந்த ஆளும் பொருளும் என்னிடம் உண்டா என்று கேளுங்கள். புள்ளிவிவரக் கணக்கை முழுதாகப் புரிந்துகொள்ளாமலேயே இந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியும். சில சமயம் கணக்குத் தெரிந்தவரைவிடச் சரியாகவே சொல்வீர்கள். காக்ரேன் தொகுப்பாய்வுகளுக்கு எளிய மொழிச் சுருக்கங்கள் உண்டு, இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அவற்றில் பல தமிழிலும் இருக்கின்றன. ஒரே ஒரு ஆய்வைப் படித்துவிட்டு வார்டை மாற்றப் போவதைவிட, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்விலிருந்து தொடங்குவது எப்போதும் பாதுகாப்பானது.

எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு மட்டுமா என்ற கேள்விக்கு: நிச்சயமாக இல்லை. ஆய்வு செய்யத்தான் அந்தப் பயிற்சி வேண்டும். ஆய்வில் வந்ததைப் பயன்படுத்த வார்டு தெரிந்தவர் வேண்டும், அது நீங்கள். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். கடலூர், சிதம்பரம், புதுச்சேரி என்று சுற்றிலும் நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவிகள் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு உங்களைப் போன்றவர்களின் வார்டுகளுக்குத்தான் வருகிறார்கள். எம்.எஸ்சி. மாணவிகளுக்கு ஆய்வறிக்கைக்குத் தலைப்பு தேவை, அவர்களுக்கு நூலக வசதி உண்டு, கட்டுரை தேடவும் தெரியும். உங்களிடம் கேள்வி இருக்கிறது. அவர்கள் அதை ஆய்வாகவே செய்து வெளியிட நினைத்தால், ஒரு நோயாளியிடம்கூடத் தகவல் எடுப்பதற்கு முன்னால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். முடித்த பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது. அடுத்த பேட்ச் மாணவிகள் வரும்போது, கூட வரும் ஆசிரியையிடம் உங்கள் நான்கு எண்கள் எழுதிய தாளைக் காட்டிப் பேசிப் பாருங்கள்.